ஏகாம்பரம் சார் காத்துக்குப் பேசுன பேரம்

1. மீன் முள்ளு

என் பேரு பேபி. அறுவது தாண்டி ரொம்ப நாளாவுது, இன்னும் பேபிதான். வேலைக்கு சேந்த மொத நாளு வரதன் சாரு பேர கேட்டுட்டு சிரிச்சாரு.

"பேபியா?"

"ஆமா சார். வளந்து பெரிசானதும் மாத்திக்கறேன்."

அந்த மனுசன் சிரிப்ப அப்டியே முயுங்கிட்டாரு. அப்பவே தெரிஞ்சிக்கினேன், இந்த ஆபீஸ்ல நம்மளுக்கு பொயுது போவும்னு.

திருவொத்தியூர்ல ஒரு பழைய குடோனு. அதுக்கு மேல மூணாவது மாடில ஆபீஸு. வரதன் சாருதான் மொதலாளி. யானைக்கவுனில வருசக்கணக்கா ஆணி, போல்ட்டு, நட்டுன்னு வித்துகினு இருந்தவரு. பெருக்கி தொடச்சி டீ போடறதுக்குத்தான் என்னிய எடுத்தாரு. "கம்பெனில இன்னா சார் பண்றீங்க?"ன்னு கேட்டேன்.

"காத்த அளக்கறோம்."

மேல பாத்தேன். ஃபேன் கூட ஓடல.

"எந்த காத்த சார்?"

"இங்க கீற காத்து இல்லம்மா. ஏரோப்ளேனுக்கும் மேல, ரொம்ப மேல, சாட்டிலைட்டு சுத்துதே, அங்க கீற காத்து."

"அங்க கூட காத்து கீதா?"

"துளியூண்டு கீது."

"துளியூண்டு காத்துக்கு இம்மாம் பெரிய ஆபீஸா!"ன்னு சொல்ட்டு தொடப்பத்த எடுத்துகினு மொட்ட மாடிக்கு போய்ட்டேன்.

மாடில ஒரு கம்பி நட்டு வச்சிருந்தாங்க. யாரோ பெரிய வஞ்சிரத்த துன்னுட்டு முள்ள மட்டும் நிக்க வச்ச மாரி இருந்துச்சி. நடுவுல ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் குச்சி குச்சியா. துணி காய போட இத்தவிட சோக்கான எடம் எங்க கெடைக்கும்? மாப்பு துணிய புயிஞ்சி அதுமேல விரிச்சேன்.

கீயேர்ந்து ஒரு பொண்ணு கத்திகினே ஓடியாந்துச்சி. "ஆயா! ஆயா! ஆண்டெனா ஆயா அது!"

அதான் ஸ்டெல்லா. ராயபுரத்து பொண்ணு. அப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்றாரு. கணக்கு போட்றது, கம்ப்யூட்டர் பாக்கறது, தப்பு வந்தா திட்டு வாங்கறது, எல்லாம் அது ஒண்டிதான். சாட்டிலைட்டு போவ சொல்ல ஒரு சத்தம் அனுப்பிகினே போவும், அத்த புடிக்கத்தான் இந்த முள்ளு. சாட்டிலைட்டு நவுற நவுற முள்ளும் அது பின்னாடியே திரும்பணும். அதுக்கு ஒரு மோட்டாரு. அன்னிக்கு பாத்து மோட்டாரு மக்கர் பண்ணிச்சி. கடல் உப்பும் எண்ணூர் சாம்பலும் சேந்து உள்ள பூந்து துன்னுடுச்சி.

"ஆயா, இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும். நான் ஹெட்ஃபோன மாட்டிகினு லேப்டாப்ப பாக்கணும். நீ இத்த புடிச்சி திருப்புறியா? அசிமத் டூ தர்ட்டில ஆரம்பி."

"ஏம்மா, நான் மயக்கி கூட பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்குனது இல்ல. என்கிட்ட போய் இங்கிலீசுல கணக்கு சொல்றியே. பெரம்பூரு எங்கன்னு கேளு, காட்றேன். எண்ணூரு எங்கன்னு கேளு, கண்ண கட்டிகினு காட்றேன்."

ஸ்டெல்லா ஒரு நிமிசம் யோசிச்சிது. அப்பால, "சரி ஆயா, பெரம்பூர்ல புடி. அப்டியே தலைக்கு மேல கொண்டா. எண்ணூர் பொகைல வுட்டுடு"ன்னுச்சி.

பெரம்பூர்ல புடிச்சேன். எண்ணூர்ல வுட்டேன். அன்னிலேர்ந்து எங்க ஆபீஸ்ல தெசை அப்டித்தான். ஹார்பர் கிரேன்னா தெற்கு. புழல்னா மேற்கு. கடலுன்னா கடலு. டீ போட வந்தவ ஆகாசத்த திருப்பற வேலைக்கு ஏறிட்டேன். சம்பளம் மட்டும் ஏறல, அது வேற கத.

2. பிரேக் புடிச்சா ஓடும்

சாட்டிலைட்டு சத்தத்த வச்சி எப்டி காத்த அளக்கறாங்கன்னு உங்களுக்கு சொல்லணும். எனக்கு ஸ்டெல்லா சொல்லி குடுத்துச்சி, நான் அத்த பேஜாரு பண்ணி பண்ணி கத்துக்கினேன்.

ரயில்வே கேட்டுல நிக்கறீங்க. எலக்ட்ரிக் டிரெய்ன் ஹாரன் அடிச்சிகினு வருது. வர சொல்ல சத்தம் கீச்சுன்னு மேல கீது. உங்கள தாண்டுனதும் தொபுக்குன்னு எறங்குது, இல்ல? சாட்டிலைட்டு சத்தமும் அப்டித்தான். எந்த நொடில எறங்குதோ, அந்த நொடில நம்மள தாண்டுதுன்னு அர்த்தம். ஸ்டெல்லா அத்த குறிச்சிக்கும்.

மேல காத்து எப்பவும் போல இருந்தா இத்தினி மணிக்கு தாண்டணும்னு மொதல்லயே ஒரு கணக்கு கீது. அந்த கணக்குக்கு முன்னாடியே தாண்டுனா காத்து ஜாஸ்தின்னு அர்த்தம். எவ்ளோ சீக்கிரமோ, அவ்ளோ காத்து.

எனக்கு இங்கதான் இடிச்சிது.

"இன்னாடி சொல்றே? காத்து எதுக்க அடிச்சா லேட்டா தான வரணும்? நான் பீச்சு ரோட்ல காத்த எதுத்து நடந்தா சீக்கிரமா வூட்டுக்கு போறேன்?"

"இல்ல ஆயா. காத்து ஒரசி ஒரசி அத்த கீய எறக்குது. கீய எறங்குனா சுத்தற ரவுண்டு சின்னதாவுது, வேகமும் ஜாஸ்தியாவுது."

"பிரேக் புடிச்சா ஓடுது."

"ஆமா ஆயா."

"என் வூட்டுக்காரர் மாரி. கைய புடிச்சி இஸ்தா தான் சாராய கடைக்கு இன்னும் வேகமா ஓடுவாரு."

ஸ்டெல்லா சிரிச்ச சிரிப்புல ஹெட்ஃபோனு கயண்டு வியுந்துச்சி. அதுலேர்ந்து அந்த பொண்ணும் நானும் தோஸ்து.

3. ரெண்டு மடங்குக்கு முடிஞ்சிது

எங்களுக்கு பெரிய கஸ்டமருன்னா ஏகாம்பரம் சாரு ஒர்த்தருதான். ஹார்பர்ல கிளியரிங் ஏஜெண்டு. கப்பல்ல வர சரக்க வெளிய எடுத்து குடுக்கற வேலை. வெளிய கடல்ல எந்த கப்பலு காத்துகினு நிக்குதுன்னு மத்தவங்களுக்கு முன்னாடி தெரிஞ்சா அவருக்கு லாபம். அதுக்காவ ஒரு சாட்டிலைட்டே செய்ய சொல்லி மேல அனுப்பிட்டாரு. மிக்சி வர அட்டப்பெட்டி சைசுதான் இருக்கும். நாங்க அத்த "டப்பா"ன்னுதான் சொல்வோம். டப்பா எறங்குதா, எவ்ளோ எறங்குதுன்னு பாத்து, காத்து நெலவரம் சொல்றது எங்க வேலை.

அந்த வருசம் சூரியனுக்கு கோவம். கொப்புளிச்சி கொப்புளிச்சி எரிஞ்சிது. அந்த சூட்டுல மேல கீற காத்து எண்ணெயில போட்ட பூரி மாரி உப்பிகினு எயுந்துச்சி. டப்பா சுத்துற எடத்துல காத்து தடிச்சி போச்சி. டப்பா டெய்லி சீக்கிரம் சீக்கிரம் வர ஆரம்பிச்சிது.

டப்பாக்குள்ள ஒரு சின்ன எஞ்சின் கீது. ஒரே ஒரு வாட்டி நல்லா மேல தள்ள மட்டும் கேஸ் கீது. அத்த இப்ப செலவு பண்றதா, அப்பால பண்றதா? அதான் கேள்வி. காத்து எப்பவும் இருக்கறதவிட ரெண்டு மடங்குன்னா சூரியன் ஆறுற வரைக்கும் டப்பா தாங்கும், கேஸ சேத்து வச்சிக்கலாம். மூணுன்னா ஒடனே தள்ளணும். லேட் பண்ணா இன்னும் கீய, இன்னும் தடிச்ச காத்துல மாட்டிக்கும். அங்க அந்த எஞ்சினுக்கு தம்மு பத்தாது. எரிஞ்சி சாம்பலாயிடும். டப்பா இல்லன்னா ஏகாம்பரம் சாரு இல்ல. அவரு இல்லன்னா எங்க ஆபீஸும் இல்ல.

சனிக்கெயம சாயங்காலம் ஏகாம்பரம் சாரு நேர்லயே வந்துட்டாரு. வெள்ள சட்ட, பாக்கெட்டுல ரெண்டு போனு. நான் டீய வச்சிட்டு, தொடைக்கிற மாரி அங்கயே நின்னுகினேன்.

"சொல்லும்மா. எவ்ளோ?"

"மூணு மடங்கு சார்"ன்னுச்சி ஸ்டெல்லா.

"மூணா! இன்னாமா அநியாயமா சொல்றே? ஒன்னர போட்டுக்கோ."

ஸ்டெல்லா முயிச்சிது. "சார், நான் வெல சொல்லல சார். அளந்தது சார்."

"எல்லாரும் அப்டித்தான்மா சொல்வாங்க. முப்பது வருசமா ஹார்பர்ல கீறேன். மூணுன்னு ஒர்த்தன் வாயத் தொறந்தா அவன் மனசுல ஒன்னர கீதுன்னு அர்த்தம்."

இந்த எடத்துல வரதன் சாரு குறுக்க பூந்து, "அது மிசின் சொன்னது சார்"ன்னு சொல்லிருக்கணும். ஆனா பாருங்க, யானைக்கவுனில வளந்த நாக்கு. எதுக்க ஒர்த்தரு வெலய கொறச்சா அது சொம்மா இருக்குமா? தானா ஆடிச்சி.

"சார், ஒன்னர கட்டுப்படியாவாது சார்."

எனக்கு தூக்கிவாரி போட்டுது. காத்து கம்மியானா இவருக்கு இன்னாய்யா நஷ்டம்?

"சரி, ஒன்னே முக்கா."

"பயகுன மனுசன் நீங்க. உங்களுக்காவ ரெண்டு. அதுக்கு கீய வந்தா என்னால முடியாது."

"ரெண்டு. முடிச்சிக்கோ."

கைய குலுக்கிகினாங்க! ஆகாசத்துல கீற காத்த ரெண்டு மடங்குக்கு பேசி முடிச்சிட்டாங்க! ஏகாம்பரம் சாரு மொகத்துல ஒரு பெரும. மூணுல ஒண்ண கொறச்சிட்டாரு இல்ல. "கேஸ இப்ப தொட வேணா. அப்டியே கெடக்கட்டும்"ன்னு சொல்லி, எஞ்சினியருக்கு ஒரு மெசேஜயும் தட்டி வுட்டுட்டு டீய குடிச்சாரு.

ஸ்டெல்லா கைல கீற பேனாவ மூடி மூடி தொறந்துகினு இருந்துச்சி. அந்த டப்பா மேல போன நாள்லேர்ந்து டெய்லி அது சத்தத்த கேட்டுகினு கீற பொண்ணு. கண்ணு ரெண்டும் செவந்து போச்சி. எனக்கு பொறுக்கல.

4. பந்தயம்

எனக்கு கணக்கு தெரியாது. ஆனா பேரம் பேசற ஆளுங்கள தெரியும். அவங்களுக்கு பாடம் சொன்னா ஏறாது. பந்தயம்னா ஒடனே குந்துவாங்க.

"ஏகாம்பரம் சார், உங்கள ஒண்ணு கேக்கவா? டப்பா இன்னும் கொஞ்ச நேரத்துல தலைக்கு மேல தாண்ட போவுது. ஸ்டெல்லா சொன்ன மூணு சரியா, நீங்க பேசுன ரெண்டு சரியா, அதுவே வந்து சொல்லட்டுமே."

"எப்டி சொல்லும்?"

"ஏம்மா ஸ்டெல்லா, சாருக்கு சொல்லு."

ஸ்டெல்லா மூக்க ஒறிஞ்சிகினு சொல்லிச்சி. "மூணுன்னா சீக்கிரம் தாண்டும் சார். ரெண்டுன்னா அதுக்கு அர நிமிசம் கயிச்சி தாண்டும்."

"பாத்தீங்களா? நான் மூணு பக்கம். நீங்க ரெண்டு பக்கம். நீங்க தோத்தா, இந்த கட்டடத்துல கீற அத்தினி பேருக்கும் நீங்கதான் டீ எடுத்துகினு போவணும். மாடி படி ஏறி எறங்கி."

"நீ தோத்தா?"

"நாளைக்கி ஃபுல்லா வாய தொறக்க மாட்டேன்."

வரதன் சாரு நாக்காலிலேர்ந்து எயுந்துட்டாரு. "சார், ஒத்துக்கோங்க சார்! தயவு செஞ்சி ஒத்துக்கோங்க!"

மாடிக்கு போனோம். இருட்டு கட்டல, ஹார்பர் பக்கம் கிரேன்ல வெளக்கு மட்டும் ஒண்ணு ஒண்ணா எரிய ஆரம்பிச்சிது. ஸ்டெல்லா போன்ல ரெண்டு டைமர் வச்சிது. மொத டைமர் மூணுக்கு. ரெண்டாவது டைமர் ரெண்டுக்கு. ஹெட்ஃபோன கயட்டிட்டு ஸ்பீக்கர்ல போட்டுச்சி, எல்லாரும் கேக்கட்டும்னு.

முள்ள கயட்டி ஏகாம்பரம் சாரு கைல குடுத்தேன்.

"நானா?"

"உங்க டப்பா, உங்க பந்தயம். நான் புடிச்சா ஆயா கள்ளாட்டம் ஆடிட்டான்னு சொல்வீங்க. ரெண்டு கையாலயும் புடிங்க நைனா, மாப்பிள்ள குட புடிக்கற மாரி புடிக்காதீங்க. பெரம்பூரு எங்க?"

"தெரியும்மா!"

"அங்க காட்டுங்க."

கொஞ்ச நேரத்துல சத்தம் வந்துச்சி. மொதல்ல கரகரன்னு, அப்பால தெளிவா, கீச்சுன்னு ஒரே நூலா. அந்த மனுசன் மூஞ்ச பாக்கணுமே! டப்பா மேல போனதுலேர்ந்து ஒரு நாளு கூட அது கொரல கேட்டதில்ல அவரு. வாய பொளந்துகினு நின்னாரு.

"இதுவா? என்னுதா?"

"உங்களுதுதான் சார். மேல கொண்டாங்க, மெதுவா, தலைக்கு நேரா."

எல்லாரும் ஸ்டெல்லா போனயே பாத்துகினு இருந்தோம். மொத டைமர் அடிக்கணும், சத்தம் எறங்கணும். நான் ஜெயிக்கணும். அத்தான் காத்துகினு இருந்தேன்.

டைமர் அடிக்கறதுக்கு முன்னாடியே சத்தம் தொபுக்குன்னு எறங்கிடுச்சி.

சத்தம் கீய எறங்கி கட்ட கொரல்ல போய்கினு கீது. அப்பால தான் மொத டைமர் அடிச்சிது. அதுக்கும் அப்பால, ரொம்ப சாவகாசமா, ரெண்டாவது டைமர்.

"இன்னா இது? மிசினு தப்பா?"ன்னாரு வரதன் சாரு.

ஸ்டெல்லா தலைய குனிஞ்சிகினு சொல்லிச்சி. "மிசினு சரியாதான் சார் கீது. எனக்கு வந்தது மூணர. அவ்ளோ சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, திட்டுவீங்கன்னு நானே அரைய கொறச்சிட்டேன்."

பாத்தீங்களா? மாடில கீறது நாலு பேரு. ஸ்டெல்லா பயத்துல கொறச்சிது. வரதன் சாரு பயக்கத்துல கொறச்சாரு. ஏகாம்பரம் சாரு பெருமைக்கு கொறச்சாரு. நான் அந்த மூணு நெசந்தானான்னு கூட கேக்காம பந்தயம் கட்டுனேன்.

ஏகாம்பரம் சாருக்கு நெத்தில வேர்த்துடுச்சி. முள்ள கீய வைக்கலாம்னு கூட அவருக்கு தோணல. ரெண்டு கையாலயும் இறுக்கி புடிச்சிகினு, "போனு! போனு! பாக்கெட்டுல கீது, எடு ஆயா!"ன்னு கத்துனாரு. நான் எடுத்து, அவரு சொன்ன நம்பர போட்டு, காதுல வச்சி புடிச்சேன். அவரு காதுன்னா என் காதும் பக்கத்துலதான.

"டேய், கேஸ தொறடா! அடுத்த ரவுண்டுலயே தள்ளுடா!"

அந்த பக்கம் அவரு எஞ்சினியரு. "சார், இப்ப தான சார் ரெண்டு மடங்கு, தொட வேணான்னு மெசேஜு போட்டீங்க?"

"ரெண்டு இல்லடா, மூணர!"

"ஃபைனலா சார்? கொறைவே கொறையாதா?"

"பேரமாடா பேசறேன் நானு! தள்ளுடா!"

நான் போன தூக்கி புடிச்சிகினே சிரிப்ப அடக்க முடியாம குலுங்குனேன். போனு அவரு காதுல டங்கு டங்குன்னு இடிச்சிது. பாவம், அத்தயும் வாங்கிகினாரு.

5. ஊமை நாளு

நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னு பஞ்சாயத்து நடந்துச்சி. மூணுன்னு சொன்னேன், வந்தது மூணர. அதனால நானும் தோத்தேன்னு வரதன் சாரு தீர்ப்பு சொன்னாரு. எங்க ஆபீஸ்ல அவ்ளோ வேகமா ஒரு வேல முடிஞ்சி நான் பாத்ததே இல்ல.

அடுத்த நாளு ஞாயித்துக்கெயம. ஸ்டெல்லா காலைல சர்ச்சுல பூசை பாத்துட்டு நேரா வந்துடுச்சி. ஏகாம்பரம் சாரு ஃபிளாஸ்க்க தூக்கிகினு படி ஏறி எறங்குனாரு. கீய குடோன்ல மூட்ட தூக்கறவங்கல்லாம், "இன்னா சார், கிளியரிங் படுத்துடுச்சா?"ன்னு கேட்டாங்க. எனக்கு சொல்றதுக்கு வாய்நெறைய கீது. சொல்ல முடியல. நாக்கு புண்ணாவாதது ஆச்சரியம்.

சாயங்காலம் மறுபடி மாடி. டப்பாவ தள்ளுனாங்கதான். ஆனா ஒயுங்கா தள்ளுச்சா, எஞ்சினு பாதில நின்னுச்சா, யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லா இந்த வாட்டி ஒரே ஒரு டைமர் வச்சிது.

"தள்ளாம இருந்தா டைமர் அடிக்க சொல்லயே தாண்டிடும். தள்ளிருந்தா மேல போயிருக்கும், பெரிய ரவுண்டு, லேட்டாதான் தாண்டும். டைமர் அடிக்க சொல்லயும் சத்தம் மேலயே இருக்கணும் சார்."

பெரம்பூர் பக்கம் சத்தம் கேட்டுச்சி. டைமர் நெருங்க நெருங்க, எறங்காத, எறங்காதன்னு எனக்கு உள்ள அடிச்சிக்குது. ஸ்டெல்லா கயுத்துல கீற சிலுவைய வாய்ல வச்சிகினு கடிக்குது. வரதன் சாரு ஏகாம்பரம் சாரு தோள புடிச்சிகினு கீறாரு, யாரு வியாபாரி யாரு கஸ்டமருன்னே தெரியல.

டைமர் அடிச்சிது.

சத்தம் எறங்கல.

கீச்சுன்னு மேலயே நிக்குது. இன்னும் நிக்குது. ஒரு டீ ஆத்துற நேரம் அப்டியே நின்னுச்சி. அப்பால மெதுவா, ராசா மாரி எறங்குச்சி.

ஸ்டெல்லா என்னிய கட்டி புடிச்சிகினு அயுவுது. "ஆயா, மேல போயிடுச்சி ஆயா!" வரதன் சாருக்கே தாங்கல. "ஆயா, பேசு ஆயா, பரவால்ல, பேசு"ன்னாரு. நான் ஒதட்டுல வெரல வச்சி, தலைய ஆட்டி, கூடாதுன்னு காட்னேன். வார்த்த வார்த்ததான். அவரு தவிச்ச தவிப்ப பாத்துட்டு அந்த பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்னு முடிவு பண்ணிட்டேன்.

புதுசா வேலைக்கு வர பசங்களுக்கு நான் சொல்றது இதான். பேரம் பேசணும்னா எதுக்க ஒர்த்தன் இருக்கணும். அவனுக்கு நம்மகிட்ட ஏதாவது வேணும். காத்துக்கு நம்மகிட்ட ஒண்ணும் வேணா. அது கொறச்சி குடுக்காது, கோச்சிகினு எயுந்து போவாது, பயகுன ஆளுன்னு பாக்காது. அதனால அளந்தது மூணரயா, மூணரன்னு சொல்லு. திட்டு வியுந்தா வாங்கிக்கோ. ஸ்டெல்லா இப்ப அப்டித்தான் சொல்லுது. வரதன் சாரும் வாய மூடிகினு கேக்கறாரு. வாய மூட ரெண்டு கையும் வேணும் அவருக்கு, ஆனா மூடிக்கறாரு.

ஏகாம்பரம் சாரும் திருந்திட்டாரு. போன மாசம் வந்தப்போ ஸ்டெல்லா சொன்ன நம்பர மறு பேச்சில்லாம ஒத்துக்கினாரு. அப்பால டீய குடிச்சிகினே என் பக்கம் குனிஞ்சி, மெதுவா கேட்டாரு:

"ஏன் ஆயா, காத்து விஷயம் சரி. இந்த சூரியன் சைடுல யாரையாவது புடிச்சி கொஞ்சம் பேசிப் பாக்கலாமா?"